நிமிடத்துக்கு மூன்று சொட்டு

படகின் அடியில் வேண்டுமென்றே போட்ட ஓர் ஓட்டை. அதைக் காத்து நிற்பது விரல் தடிமனில் ஒரு வளையம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்கினோம். நண்பர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். பையில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய இட்லிப் பொட்டலங்கள். பூலாவ் கெத்தாம் பக்கம் படகில் ஒரு சுற்று போய்விட்டு மாலைக்குள் திரும்புவது திட்டம்.

நண்பர் கணினித் துறையில் இருப்பவர். கூட்டாளிகள் இருவருடன் சேர்ந்து முப்பதடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். கிள்ளான் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் அதைக் கட்டி வைப்பது வழக்கம். வேலை நெருக்கடியில் ஆறு வாரமாக யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

படகைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்து நின்றது. நண்பர் உள்ளே இறங்கினார். தரைப் பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. தண்ணீர் வெளியேற்றும் பில்ஜ் பம்ப் சத்தமில்லாமல் கிடந்தது. பேட்டரி காலி.

பிள்ளைகளைக் கரையில் நிறுத்திவிட்டு, நாங்கள் மூவரும் வாளியால் இறைத்தோம். ஒரு மணி நேரம் இறைத்த பிறகுதான் இன்ஜினின் அடிப்பாகம் கண்ணில் பட்டது. அதற்குள் பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்துவிட்டார். கிள்ளான்காரர். படுத்தபடியே டார்ச்சை இன்ஜினுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தார். அங்கே, உருளைக் கம்பி ஒன்றைச் சுற்றி, நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"யார் தம்பி இந்த நட்ட இப்படி இறுக்குனது?" என்று கேட்டார்.

நண்பர்தான். போன முறை வந்தபோது அந்த இடத்தில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறார். ஒழுகுகிறதே என்று பயந்து, ஸ்பேனர் எடுத்து, ஒரு சொட்டுகூட வராத அளவுக்கு முறுக்கிவிட்டு, அப்படியே இரண்டு மணி நேரம் இன்ஜினை ஓட்டியிருக்கிறார்.

"சொட்டட்டும் தம்பி. சொட்டுனாதான் அது நல்லா இருக்குன்னு அர்த்தம். நீங்க நிறுத்துனீங்க, அது கருகிப் போச்சு."

ஒழுகலை நிறுத்தப் போய்ப் படகையே மூழ்கடிக்கப் பார்த்த கதை இது. அந்த அண்ணன் அன்று சொல்லிக் கொடுத்ததும், பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஓட்டை ஏன்?

பாய்மரப் படகுக்குக் காற்று போதும், இன்ஜின் எதற்கு என்று கேட்கலாம். மலாக்கா நீரிணையில் காற்று பல நாள் சோம்பலாகத்தான் இருக்கும். திடீரென்று விடியற்காலையில் 'சுமத்ரா' என்று படகுக்காரர்கள் சொல்லும் புயல்மழை வந்து புரட்டிவிட்டுப் போகும். காற்று இல்லாதபோது நகரவும், புயல் வரும்போது ஒதுங்கவும், துறைக்குள் நுழையவும் சிறிய டீசல் இன்ஜின் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இன்ஜின் படகுக்குள்ளே. அது சுழற்றும் புரொப்பெல்லர் படகுக்கு வெளியே, தண்ணீருக்கு அடியில். இரண்டையும் இணைக்கும் கம்பிதான் ஷாஃப்ட். முப்பதடிப் படகில் அது ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது வெளியே போக, படகின் அடியில் ஓர் ஓட்டை போட்டு, குழாய் ஒன்றைப் பொருத்துகிறார்கள். கம்பி சுழல வேண்டும் என்பதால் குழாய்க்கும் கம்பிக்கும் இடையில் இடைவெளி விட்டே ஆக வேண்டும். கடல் உள்ளே வரப் பார்ப்பது அந்த இடைவெளி வழியாகத்தான். அதை அடைக்கும் பொருளுக்குப் பெயர் ஷாஃப்ட் சீல்.

வீட்டில் பழைய பித்தளைக் குழாய் இருந்தால் அதைத் திருகிப் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே ஒரு சிறிய நட்டு இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே நூல் சுற்றியிருக்கும். தண்டு திரும்பினாலும் தண்ணீர் மேலே வராமல் தடுப்பது அந்த நூல்தான். படகில் நடப்பதும் இதேதான். ஆனால் குழாய்த் தண்டை நாம் நாளுக்குப் பத்து முறை திருகுகிறோம். படகின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல்கூடச் சுழலும்.

கருகியது எது?

நண்பரின் படகில் இருப்பது பழைய முறை. கிளேண்ட் பேக்கிங் என்பார்கள். மெழுகோ கொழுப்போ ஊறிய சதுரமான பின்னல் கயிற்றை வளையம் வளையமாக வெட்டி, மூன்று அல்லது நான்கு வளையங்களை ஷாஃப்டைச் சுற்றி அடுக்கி, பெரிய நட்டு ஒன்றால் அழுத்தி வைப்பார்கள்.

கயிறு ஷாஃப்டோடு உரசுகிறது. உரசினால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டைத் தணிப்பதும் வழுக்கலைக் கொடுப்பதும் உள்ளே கசிந்து வரும் கடல்நீர்தான். நட்டை முழுக்க முறுக்கிவிட்டால் தண்ணீர் வராது. கயிறு காய்ந்து, கருகி, மரக்கட்டை போல இறுகிவிடும். ஷாஃப்டிலும் கீறல் விழும். அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் தண்ணீர் நிற்காது.

அதனால்தான் பழைய படகுக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு. நிற்கும்போது அதுவும் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். மூன்று சொட்டு வீதம் ஒரு நாள் முழுக்க விழுந்தாலும் சேர்வது ஒரு டம்ளர் தண்ணீர்தான். அதைப் பம்ப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு சோதனை, கை. இன்ஜினை ஓட்டி நிறுத்திய பிறகு அந்த நட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் இறுக்கம் அதிகம். (ஷாஃப்ட் சுழலும்போது கையோ துணியோ அருகில் போகக் கூடாது.)

இப்போது எதிர்க் கணக்கு. 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் எப்படியோ கழன்று வெளியே போய்விட்டது, ஓட்டை மட்டும் அரை மீட்டர் ஆழத்தில் திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் உள்ளே வரும். அலுவலகத்தில் தண்ணீர் இயந்திரத்தின் மேல் கவிழ்த்து வைக்கும் 20 லிட்டர் பாட்டில்களில் இரண்டரை, ஒவ்வொரு நிமிடமும். சிறிய பில்ஜ் பம்ப் அதன் பெட்டியில் அச்சிட்ட அளவை நடைமுறையில் இறைக்காது. தண்ணீரை மேலே ஏற்ற வேண்டியிருப்பதால் பாதிக்கு மேல் குறைந்துவிடலாம்.

குவாந்தான் கடலில்

ஷாஃப்ட் வழி எவ்வளவு பெரிய பலவீனம் என்பதற்கு நம் நாட்டுக் கடலிலேயே சாட்சி கிடக்கிறது.

1941 டிசம்பர் 10. பிரிட்டனின் புத்தம் புதிய போர்க்கப்பல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', துணைக்கு வந்த 'ரிபல்ஸ்' கப்பலுடன் குவாந்தானுக்கு அப்பால் இருந்தது. ஜப்பானிய விமானங்கள் டார்பிடோக்களை வீசின. முற்பகல் பதினொன்றே முக்கால் வாக்கில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் இடப்பக்கப் பின்புறத்தில், வெளிப்பக்க ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியே வரும் இடத்துக்கு அருகில் அடி விழுந்தது.

ஷாஃப்டைத் தாங்கிய பிடி உடைந்தது. ஷாஃப்ட் வளைந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. வளைந்த கம்பி சுழலச் சுழல, அது கடந்து வந்த தடுப்புச் சுவர்களின் சீல்களையெல்லாம் கிழித்துவிட்டது. நிறுத்திய ஷாஃப்டை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது கடல் இன்ஜின் அறைக்குள்ளேயே பாய்ந்தது. கப்பல் சாய்ந்தது, மின்சாரம் பெரும்பகுதி போனது, மின்சாரம் இல்லாமல் பம்புகள் நின்றன. அடுத்தடுத்த தாக்குதல்களுக்கு ஈடு கொடுக்கும் நிலையில் அது இல்லை. பிற்பகல் ஒன்றரை மணிக்குள் இரண்டு கப்பல்களும் மூழ்கின. 840 பேர் இறந்தார்கள்.

2007இல் முக்குளிப்பவர்கள் இறங்கி அந்த ஷாஃப்ட் பகுதியை ஆராய்ந்தபோது சேதம் எங்கே தொடங்கியது என்பது தெளிவானது. போர்க்கப்பலை மூழ்கடித்தது டார்பிடோக்கள்தான். ஆனால் முதல் அடியை அவ்வளவு பெரிய காயமாக்கியது, சேதமடைந்த பிறகும் சுழன்ற ஷாஃப்ட்.

முப்பதடிப் படகுக்கும் அதே பாடம்தான். ஷாஃப்டில் வழக்கமில்லாத அதிர்வோ சத்தமோ வந்தால் முதல் வேலை, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஷாஃப்டை நிறுத்துவது. மற்றதெல்லாம் பிறகு.

ரப்பர் வந்த கதை

நீராவிக் கப்பல்களுக்கு புரொப்பெல்லர் வந்த புதிதில் ஷாஃப்டைத் தாங்க உலோக பேரிங்குகளைத்தான் வைத்தார்கள். கடல்நீரில் அவை வேகமாகத் தேய்ந்தன. 1854இல் ஜான் பென் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் லிக்னம் வைட்டே என்ற மரத்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். அதற்குள் இயற்கையாகவே பிசின் இருப்பதால் எண்ணெய் தேவையில்லை, கடல்நீரே போதும்.

பிறகு ரப்பர் வந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஷெர்வுட் என்ற சுரங்கப் பொறியாளர், மணல் கலந்த தண்ணீரில் பம்பின் பேரிங் அடிக்கடி தேய்ந்துபோக, வேறு வழியின்றி அந்த இடத்தில் ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்றை வைத்து ஓட்டினார். உலோகத்தைவிட ரப்பர் அதிக நாள் உழைத்தது. மணல் துகள் வந்தால் மென்மையான ரப்பர் வளைந்து கொடுத்து, தண்ணீரோடு வெளியே தள்ளிவிடும். இன்று பாய்மரப் படகுகளில் ஷாஃப்டின் வெளி முனையைத் தாங்குவது பித்தளை உறைக்குள் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இந்த ரப்பர் பேரிங்தான்.

அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிக ரப்பர் விளைந்தது மலாயாவில். விடியற்காலையில் எழுந்து மரம் சீவி, கோப்பையில் சொட்டும் பாலைப் பார்த்தே அன்றைய வரும்படியைச் சொன்ன கைகள் நம் தாத்தா பாட்டிகளுடையவை. சொட்டை வைத்து நலம் அறிவது நமக்குப் புதிதல்ல.

பழசா, புதுசா?

இப்போது வரும் படகுகளில் பெரும்பாலும் சொட்டாத சீல்கள்தான். இரண்டு வகை பரவலாக இருக்கிறது.

ஒன்று, உதட்டு சீல். காரில் இருக்கும் ஆயில் சீலின் உறவு என்று சொல்லலாம். ரப்பர் உறைக்குள் இருக்கும் மெல்லிய உதடுகள் ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை உள்ளே சிறிதளவு கிரீஸ் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டு அல்லது 500 மணி நேர ஓட்டம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும் என்று வோல்வோ பென்டா போன்ற தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

மற்றது, முக சீல். குழாயோடு சேர்ந்து நிற்கும் கார்பன் வளையம் ஒன்று. ஷாஃப்டோடு சுழலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் ஒன்று. சுருக்கு விழுந்த ரப்பர் குழல் ஒன்று இரண்டையும் முகத்தோடு முகம் அழுத்தி வைத்திருக்கும். இதில் கிரீஸோ எண்ணெயோ படக் கூடாது. அந்த ரப்பர் குழலை ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு வேலை உண்டு. படகைக் கரையேற்றி வேலை முடித்து மறுபடி தண்ணீரில் இறக்கியதும், சீலுக்குள் காற்று சிக்கியிருக்கும். இன்ஜினை ஓட்டும் முன் கையால் உதட்டு சீலைப் பிதுக்கி அல்லது முக சீலின் ரப்பர் குழலைப் பின்னுக்கு இழுத்து, தண்ணீர் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். மறந்தால் சீல் காய்ந்தபடி சுழன்று சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும்.

எது மேல் என்று அந்த அண்ணனிடம் கேட்டேன்.

"பழசு நாளுக்கு நாள் சொல்லிக்கிட்டே இருக்கும். புதுசு வருஷக்கணக்கா ஒண்ணுமே சொல்லாது. ஆனா போனா ஒரே நாள்ல போயிரும். பாக்கறவனுக்கு ரெண்டுமே நல்லதுதான் தம்பி."

'பராமரிப்பு தேவையில்லை' என்று விற்பனையாளர் சொன்னால், நட்டைத் திருக வேண்டியதில்லை என்றுதான் அர்த்தம். பார்க்க வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை.

நம் கடலின் குணம்

கிள்ளான் துறைமுகப் பகுதி படகுக்கு இலகுவான இடமல்ல. பெருங்கடல் நாட்களில் இங்கே நீர் ஏறி வற்றும் உயரம் நான்கு மீட்டரைத் தாண்டும். அந்த நீர் போகும்போதும் வரும்போதும் ஆற்றுச் சேற்றை அள்ளிக்கொண்டு போகிறது. சேறு கலந்த தண்ணீர் பேக்கிங்குக்குள் புகுந்தால் உப்புத்தாள் போல ஷாஃப்டைத் தேய்க்கும். முக சீலின் இரு வளையங்களுக்கு நடுவே புகுந்தால் கசிவு தொடங்கும்.

இரண்டாவது எதிரி, வலையும் கயிறும். மலாக்கா நீரிணையில் மீன்பிடி வலைகளும் மிதக்கும் பிளாஸ்டிக்கும் தாராளம். புரொப்பெல்லரில் கயிறு சுற்றி இன்ஜின் திடீரென்று நின்றால், அந்த உலுக்கலில் இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளிலிருந்து நகர்ந்திருக்கும். நேர்கோடு தவறிய ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் சீலை ஒரு பக்கம் இடிக்கும். கயிற்றை வெட்டி எடுத்ததோடு வேலை முடியவில்லை. சீலையும் இன்ஜின் தாங்கிகளையும் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

மூன்றாவது, ஓட்டாமல் கட்டி வைப்பது. தேங்கிய நீரில் பிராணவாயு குறையும்போது, பேக்கிங்குக்கு அடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட அரிக்கும். புரொப்பெல்லரில் சிப்பி ஒட்டும். இங்கிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை போகும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் படகுப் போட்டி 1990 முதல் நடந்து வருகிறது. அதில் ஓடும் படகுகள் ஓடி ஓடியே கவனிக்கப்படுகின்றன. ஆபத்து, மாதக்கணக்கில் கட்டியே கிடக்கும் படகுகளுக்குத்தான். படகுக் காப்பீட்டாளர்கள் நெடுநாளாகச் சொல்வதும் இதுதான்: நடுக்கடலில் மூழ்குவதைவிடக் கட்டிய இடத்தில் மூழ்கும் படகுகளே அதிகம்.

படகு வைத்திருப்பவர்களுக்கு

மாதம் ஒருமுறையாவது இன்ஜினுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய உப்புப் படிவம், துருக் கோடு, கறுப்புத் தூள் மூன்றும் சீல் அனுப்பும் செய்திகள்.

சீலைக் குழாயோடு இணைக்கும் ரப்பர் ஹோஸை விரலால் அழுத்துங்கள். வெடிப்போ ஊதலோ இருந்தால் மாற்றுங்கள். இருமுனையிலும் இரண்டிரண்டு கிளிப் வேண்டும். கிளிப்பின் பட்டை நல்ல எஃகாக இருந்தாலும் திருகு மட்டும் மட்டமான இரும்பாக இருப்பதுண்டு. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேக்கிங் மாற்றும்போது பழைய வளையங்கள் எல்லாவற்றையும் எடுங்கள். அடியில் ஒன்றை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. புதிய வளையங்களின் வெட்டு முனைகள் ஒரே நேரில் வரக் கூடாது. முதலில் கையால் இறுக்குங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, பூட்டு நட்டை மறக்காமல் இறுக்குங்கள். இந்த வேலையைப் படகு கரையில் இருக்கும்போது செய்வதே பாதுகாப்பு.

ஷாஃப்டில் மாட்டியுள்ள ஜிங்க் துண்டு பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அது கரைவதால்தான் ஷாஃப்ட் கரையாமல் இருக்கிறது.

உள்ளே தண்ணீர் கண்டால் ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் கடல். இல்லையென்றால் மழையோ குடிநீர்த் தொட்டியோ. கடல்நீர் என்றால் ஷாஃப்டை நிறுத்தி, பழைய டயர் டியூப்பை நீளமாக வெட்டிக் கசியும் இடத்தில் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். கரை சேரும்வரை அது தாங்கும். ஒரு துண்டு டியூப் எப்போதும் படகில் இருக்கட்டும்.

தெரிந்துகொள்வது நமக்காக

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டின் தில்னாவுடன் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29ஆம் தேதி திரும்பினார். இரண்டே பெண்கள். இடையில் நான்கு துறைமுகங்கள். மற்ற நாட்களில் படகில் எது கெட்டாலும் பார்ப்பதற்கு அவர்கள் இருவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

நாம் உலகைச் சுற்றப் போவதில்லை. பூலாவ் கெத்தாம் வரைதான். ஆனாலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறோம். அன்று தண்ணீர் ஆறு வாரமாக மெல்ல ஏறி, நாங்கள் பார்க்கும்படி நின்றது எங்கள் அதிர்ஷ்டம். கருகிய பேக்கிங் கடல் நடுவில் கைவிட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நண்பரின் மனைவி ரயிலில் கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை.

படகு கரையேறியது. கீறல் விழுந்த ஷாஃப்டை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கான செலவில் பேக்கிங் கயிறு ஆயுளுக்கும் வாங்கியிருக்கலாம். புதிய வளையங்களை அந்த அண்ணன் தானே போடவில்லை. நண்பரையே போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கடைசி வளையம் ஏறியதும், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க தம்பி, நீங்களே பாப்பீங்க" என்றார்.

இப்போது இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. தேதி, சொட்டு, சூடு என்று மூன்று கட்டம். சொட்டை எண்ணுவது நண்பரின் மகள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் குனிந்து நிற்பாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் எழுதியது: மூன்று.

கிளம்பினோம்.